எல்லையைக் காட்டும் குறிகள்

அங்கன்வாடி நிலையமொன்றில் ஒரு குழந்தையின் இடது மேற்கையைச் சுற்றி அளவு நாடா வைக்கப்படுகிறது. தோள் முனைக்கும் முழங்கை முனைக்கும் நடுவிடத்தில் எடுக்கப்பட்ட சுற்றளவு 11.4 சென்டிமீட்டர் என்று தெரிகிறது. அடுத்து வந்த குழந்தைக்கு அதே அளவு 11.5 சென்டிமீட்டர். இரண்டிற்கும் உள்ள வேறுபாடு ஒரு மில்லிமீட்டரே. ஆயினும், 6 மாதம் முதல் 59 மாதம் வரை வயதுள்ள குழந்தைகளுக்கென வகுக்கப்பட்ட அளவுகோலின்படி, முதற் குழந்தை கடும் ஊட்டக்குறைவு உடையதாகக் கருதப்பட்டு, உடனே மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்பப்பட வேண்டியதாகும். இரண்டாவது குழந்தை மிதமான ஊட்டக்குறைவு என்னும் பிரிவில் சேரும்.

இந்தப் பிரிவினையைச் செய்வது எது? 'க' என்பது மேற்கையின் சுற்றளவைச் சென்டிமீட்டரில் குறிப்பதாகக் கொண்டால், விதி பின்வருமாறு அமையும்:

க < 11.5 எனின், கடும் ஊட்டக்குறைவு.
11.5 ≤ க < 12.5 எனின், மிதமான ஊட்டக்குறைவு.
க ≥ 12.5 எனின், இவ்வளவுகோலின்படி குறைவு இல்லை.

மூன்று வரிகளில் அடங்கிய இவ்விதியில் எண்கள் இரண்டே. எஞ்சியவை குறிகள். அக்குறிகளைப் பிழையின்றிப் படிப்பவரிடத்தில்தான் அவ்வெண்கள் பயன்படும். 11.5 என்னும் அளவுடைய குழந்தை எப்பக்கம் சேரும் என்பதை எண் கூறுவதில்லை, குறியே கூறுகிறது. முதல் வரியில் உள்ள '<' என்பதை '≤' என ஒருவர் படித்துவிட்டால், எல்லையில் நிற்கும் குழந்தை பிரிவு மாறிவிடும்.

எல்லை எண்ணே மாறுவதும் உண்டு. முன்னர்க் கடும் ஊட்டக்குறைவுக்குரிய எல்லை 11.0 சென்டிமீட்டராக இருந்தது. 2009ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனமும் ஐக்கிய நாடுகள் குழந்தைகள் நிதியமும் கூட்டாக வெளியிட்ட அறிக்கை, அதனை 11.5 ஆக உயர்த்தலாம் எனப் பரிந்துரைத்தது. 11.3 சென்டிமீட்டர் அளவுடைய ஒரு குழந்தையை எடுத்துக்கொள்வோமாயின், 11.3 < 11.0 என்பது பொய்; 11.3 < 11.5 என்பது மெய். குழந்தை அதுவே, கையும் அதுவே. அசமன்பாடு மாறியதால், முன்பு விடுபட்டிருக்கக்கூடிய குழந்தை சிகிச்சைக்கு உரியதாயிற்று.

பள்ளியில் இரண்டாம் மூன்றாம் வகுப்புகளிலேயே கற்பிக்கப்படும் இச்சிறு குறிகள், பின்னர் ஓர் ஊழியரின் பதிவேட்டில் இத்துணைப் பொறுப்பை ஏற்கின்றன. எனவே, அவை எவ்வாறு தோன்றின, அவற்றைப் படிப்பதில் எங்கே பிழை நேர்கிறது, அப்பிழையை எவ்வாறு தவிர்க்கலாம் என்பவற்றை ஆசிரியரும் களப்பணியாளரும் அறிந்திருத்தல் நலம்.

குறிகளின் பிறப்பு

சமம் என்பதைக் குறிக்கும் '=' என்னும் குறியை முதலில் அச்சேற்றியவர் வேல்ஸ் நாட்டில் பிறந்த ராபர்ட் ரெக்கார்டு என்பவர். அவருடைய நூல் 1557ஆம் ஆண்டில் வெளிவந்தது. நீளத்தில் ஒத்த இரண்டு இணைகோடுகளைக் காட்டிலும் ஒன்றுக்கொன்று சமமான பொருள்கள் வேறில்லை என்பதே அக்குறியைத் தேர்ந்ததற்கு அவர் கூறிய காரணம்.

'<', '>' என்னும் குறிகள் அச்சில் தோன்றுவதற்கு மேலும் 74 ஆண்டுகள் ஆயின. ஆங்கிலேயக் கணித அறிஞர் தாமஸ் ஹேரியட் 1621இல் காலமானார். இயற்கணிதம் பற்றிய அவருடைய குறிப்புகள் பத்தாண்டுகளுக்குப்பின், 1631இல் நூலாக்கப்பெற்றன. அந்நூலில்தான் இக்குறிகள் முதன்முதலாக இடம்பெற்றன. 1609ஆம் ஆண்டிலேயே தொலைநோக்கியின் வழியாகச் சந்திரனைப் பார்த்து வரைந்தவரும் இவரே. 'சிறியது அல்லது சமம்', 'பெரியது அல்லது சமம்' என்பவற்றிற்குப் பிரெஞ்சு விஞ்ஞானி பியர் பூகே 1734இல், குறியின் அடியில் இரு கோடுகளை இட்டு எழுதினார். இன்று பெரும்பாலும் ஒரு கோடே இடப்படுகிறது: ≤, ≥.

இவ்வரலாற்றிலிருந்து வகுப்பறைக்கு ஒரு பயன் உண்டு. '=' என்னும் குறியில் இரு கோடுகளுக்கு இடையேயுள்ள தூரம் இடப்பக்கத்திலும் வலப்பக்கத்திலும் ஒன்றே. '<' என்பதில் இடப்பக்கம் அத்தூரம் பூச்சியம். வலப்பக்கம் செல்லச் செல்ல அது வளர்கிறது. கூர்முனை இருக்கும் பக்கம் சிறிய எண். விரிந்த வாய் இருக்கும் பக்கம் பெரிய எண். இவ்வாறு விளக்கினால் மூன்று குறிகளும் ஒரே கருத்தின் மூன்று நிலைகளாக மாணாக்கருக்கு விளங்கும். முதலை பெரிய இரையை நோக்கி வாயைத் திறக்கிறது என்னும் கதை பல பள்ளிகளில் வழங்குகிறது. தொடக்கத்தில் அது உதவும். ஆனால் கதையோடு நின்றுவிட்ட மாணாக்கர் குறியைச் சரியாக இடுவர், அதனைச் சொல்லால் படிக்க அறியார். ஆகவே கதைக்குப்பின் படிப்பும் பழக்கப்பட வேண்டும்.

தமிழில் படிக்கும்போது

குறியைச் சொல்லால் படிப்பதில் தமிழ் மாணாக்கருக்கென ஓர் இடர்ப்பாடு உண்டு. 3 < 8 என்னும் தொடரில் குறி இரண்டு எண்களுக்கும் நடுவில் நிற்கிறது. தமிழ் வாக்கியத்திலோ பயனிலை இறுதியில்தான் வரும்: 'மூன்று, எட்டைவிடச் சிறியது.' ஆகவே மாணாக்கர் இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகப் படித்து, 'மூன்று சிறியது எட்டு' என்கின்றனர். இதில் எது சிறியது என்பது தெளிவாக இல்லை.

மேலும், 'எட்டைவிட மூன்று சிறியது' என்று சொல்வதும் தமிழில் இயல்பே. இவ்வாக்கியத்தைக் கேட்டு எழுதும் மாணாக்கர், செவியில் முதலில் விழுந்த எட்டை முதலில் எழுதி, 'சிறியது' என்னும் சொல்லுக்குரிய குறியை அடுத்து இட்டு, 8 < 3 என முடித்துவிடுகின்றனர். கணக்கறிவில் குறையில்லை, வாக்கியம் குறியாக மாறும் வழியில்தான் பிழை நேர்ந்தது. இதற்கு மாற்று எளிது. 'விட' என்னும் உருபு எந்த எண்ணோடு சேர்ந்திருக்கிறதோ, அவ்வெண் ஒப்பிடுவதற்கு எடுத்துக்கொண்ட எண், மற்றதே எழுவாய். எழுவாயை முதலில் எழுதிப் பின்னர்க் குறியை இட வேண்டும். இரு வாக்கியங்களையும் கரும்பலகையில் எழுதி, இரண்டும் 3 < 8 என்னும் ஒரே தொடராக முடிவதைக் காட்டுவது பயன் தரும். அதே தொடரை வலமிருந்து இடமாகப் படித்தால், 'எட்டு, மூன்றைவிடப் பெரியது' என்றாகும். அதாவது 3 < 8 என்பதும் 8 > 3 என்பதும் ஒரே செய்தியே.

குறைவும் குறைந்தபட்சமும்

இதனினும் பெரிய இடர்ப்பாடு, எல்லையைக் குறிக்கும் சொற்களில் உள்ளது. 'ஐந்துக்குக் குறைவான' என்பது < 5. 'குறைந்தது ஐந்து' என்பதோ ≥ 5. இரண்டிலும் 'குறை' என்னும் சொல்லே வருகிறது; பொருளோ நேர்மாறானது. குறைந்தது ஐந்து மரக்கன்றுகள் நடுக என்றால், ஐந்து நடலாம், ஆறு நடலாம், ஐம்பதும் நடலாம். நான்கு மட்டும் போதாது. அவ்வாறே 'அதிகபட்சம் பத்து' என்பதில் 'அதிகம்' என்னும் சொல் இருந்தபோதிலும், அதற்குரிய குறி ≤ 10. சொல்லின் ஒலியைக் கேட்டுக் குறியை இடுவோர் இவ்விடத்தில் தவறுவர்.

நெல் விதைச் சான்றளிப்பில் இவ்விரண்டும் அடுத்தடுத்து வருகின்றன. சான்றளிக்கப்பட்ட நெல் விதைக்கு முளைப்புத்திறன் குறைந்தபட்சம் 80 சதவிகிதம். சாதாரணப் பைகளில் அடைக்கப்படும்போது ஈரப்பதம் அதிகபட்சம் 13 சதவிகிதம். முதலாவது ≥ 80, இரண்டாவது ≤ 13. 400 விதைகளை முளைக்க வைத்துச் சோதித்தால், 80 சதவிகிதம் என்பது 320 விதைகள். 320 முளைத்தாலும் நிபந்தனை நிறைவேறியது. 319 எனில் நிறைவேறவில்லை.

சட்ட நூல்களில் ஐயத்திற்கு இடமின்றி எழுதும் மரபு உண்டு. அரசியலமைப்பின் 326ஆம் உறுப்பு, வாக்காளராவதற்கு 18 வயதிற்குக் குறையாதவராக இருத்தல் வேண்டும் என்கிறது. 'குறையாத' என்பதன் கணிதப் பொருள் ≥. சிறியது என்பதை மறுத்தால் கிடைப்பது 'பெரியது' மட்டுமன்று. 'பெரியது அல்லது சமம்' என்பதே. ஆகவே தகுதி நாளன்று சரியாகப் பதினெட்டு நிறைந்தவரும் வாக்காளரே. முன்னர் இவ்வயது 21 ஆக இருந்தது; 61ஆவது திருத்தத்தின் வாயிலாக 1989இல் அது 18 ஆயிற்று.

தமிழ் வழக்கிலுள்ள சொற்களைப் பின்வருமாறு தொகுத்துக் கொள்ளலாம்:

'பத்துக்குக் குறைவான', 'பத்தைவிடச் சிறிய' எனின், < 10.
'பத்துக்கு மேற்பட்ட', 'பத்தைவிடப் பெரிய' எனின், > 10.
'பத்துக்குக் குறையாத', 'குறைந்தது பத்து', 'குறைந்தபட்சம் பத்து' எனின், ≥ 10.
'பத்துக்கு மிகாத', 'அதிகபட்சம் பத்து' எனின், ≤ 10.

'பத்து வரை', 'பத்துக்குள்', 'பத்துக்கு உட்பட்ட' என்னும் சொற்கள் இப்பட்டியலில் சேர்க்கப்படவில்லை. பத்து சேருமா, சேராதா என்பது கேட்போரின் கருத்தைப் பொறுத்ததாகிவிடுகிறது. படிவங்களையும் அறிவிப்புகளையும் எழுதுவோர் இச்சொற்களை விலக்கி, 'குறையாத', 'மிகாத' என்பவற்றைக் கையாளுதல் நன்று. அத்தகைய சொல் மேலிடத்திலிருந்து வந்த படிவத்தில் காணப்பட்டால், எல்லை எண் சேருமா என்று கேட்டறிந்து, படிவத்தின் ஓரத்தில் குறியாக எழுதி வைத்துக் கொள்ளலாம்.

இரு எல்லைகளுக்கு இடையே

சில அளவுகள் இரு பக்கமும் கட்டுப்பட்டவை. தடுப்பு மருந்துகளைச் சுகாதார நிலையத்தில் 2 டிகிரி முதல் 8 டிகிரி செல்சியஸ் வரையுள்ள வெப்பநிலையில் வைக்க வேண்டும். 'வெ' என்பது வெப்பநிலையானால்:

2 ≤ வெ ≤ 8

இது உண்மையில் இரண்டு அசமன்பாடுகளின் சேர்க்கை. வெ ≥ 2 என்பதும் வெ ≤ 8 என்பதும் ஒருங்கே மெய்யாக இருத்தல் வேண்டும். வெப்பம் மிகுந்தால் மருந்து கெடும் என்பது பலரும் அறிந்தது. ஆகவே வலப்பக்க எல்லை எளிதில் நினைவில் நிற்கிறது. இடப்பக்க எல்லையும் அதே அளவு முக்கியமானது. கல்லீரல் அழற்சி 'பி' வகைத் தடுப்பு மருந்து போன்றவை உறைந்துபோனால் ஆற்றலை இழந்துவிடும். குளிர்ச்சி மிகுதல் பாதுகாப்பு என்று கருதி, மருந்துப் புட்டிகளைப் பனிக்கட்டியோடு ஒட்டி வைத்தல் இப்பிழையின் விளைவே.

இரு எல்லைகளும் ஒரே வகையாக இருக்க வேண்டும் என்பதில்லை. இரயில்வே கட்டண விதிகளில், 5 வயது நிறைந்து 12 வயது நிறையாதவர் குழந்தைக் கட்டணத்திற்கு உரிய வயதினர். 5 ≤ வ < 12 என்பது இதன் வடிவம். ஐந்தாம் பிறந்தநாள் உள்ளே. பன்னிரண்டாம் பிறந்தநாள் வெளியே.

அளவுகளைப் பிரிவுகளாகப் பகுக்கும்போது, ஒவ்வோர் அளவும் ஏதேனும் ஒரு பிரிவில் சேரவேண்டும், இரண்டில் சேரலாகாது. வயதுப் பிரிவுகளை '10 முதல் 20', '20 முதல் 30' என அச்சிட்ட படிவத்தில் இருபது வயதினர் இரண்டிலும் சேர்ந்து, தொகை மிகுந்துவிடும். 10 ≤ வ < 20, 20 ≤ வ < 30 என எழுதினால் இக்குழப்பம் எழாது. இந்திய வானிலை ஆய்வுத் துறை ஒரு நாள் மழையை வகைப்படுத்தும் முறை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 64.5 முதல் 115.5 மில்லிமீட்டர் வரை கனமழை, 115.6 முதல் 204.4 வரை மிகக் கனமழை, 204.5ஐயும் அதற்கு மேற்பட்டதையும் அதி கனமழை என்பர். மழை அளவு ஒரு தசம ஸ்தானம் வரை பதியப்படுவதால், 115.5க்கும் 115.6க்கும் இடையே எந்த அளவும் நழுவி விழ வழியில்லை.

தசமங்களை ஒப்பிடுதல்

1.45, 1.5 என்னும் இரண்டில் எது சிறியது எனக் கேட்டால், 'நாற்பத்தைந்து ஐந்தைவிடப் பெரியது, ஆகவே 1.45 பெரியது' என்று விடை கூறும் மாணாக்கர் பலர். புள்ளிக்கு வலப்பக்கத்தில் உள்ளவற்றை முழு எண்ணாகப் படிப்பதே இதற்குக் காரணம். 1.5 என்பதை 1.50 என எழுதி, இரண்டிலும் தசம ஸ்தானங்களைச் சமமாக்கினால், 145 நூற்றில் ஒரு பங்குகள், 150 நூற்றில் ஒரு பங்குகள் என ஒப்பீடு தெளிவாகும்: 1.45 < 1.50. 'ஒன்று புள்ளி நாற்பத்தைந்து' என்று படிக்காமல், 'ஒன்று புள்ளி நான்கு ஐந்து' என்று படிக்கும் பழக்கமும் இப்பிழையைப் பெரிதும் குறைக்கும்.

இப்பிழை கரும்பலகையோடு நின்றுவிடுவதன்று. குடிநீரில் புளோரைடு மிகுதியாக இருந்தால் பற்களும் எலும்புகளும் பாதிக்கப்படுகின்றன. 1937ஆம் ஆண்டில், அப்போது சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த நெல்லூர் மாவட்டத்தில் இந்நோய் நிலவுவது விஞ்ஞான இதழில் வெளியிடப்பட்டது; பின்னர் நாட்டின் பல மாநிலங்களிலும் அறியப்பட்டது. 2012ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட இந்தியக் குடிநீர்த் தரநிர்ணயத்தின்படி, ஒரு லிட்டர் நீரில் புளோரைடு 1.0 மில்லிகிராமுக்கு மிகாதிருத்தல் வேண்டும். வேறு நீராதாரம் கிட்டாத இடத்தில் 1.5 மில்லிகிராம் வரை, அதாவது 1.5க்கு மிகாமல், இருக்கலாம். 'பு' என்பது அவ்வளவானால், பு ≤ 1.0 என்பது ஏற்கத்தக்கது, 1.0 < பு ≤ 1.5 என்பது வேறு வழியின்மையால் அனுமதிக்கத்தக்கது. பு > 1.5 என்பது குடிப்பதற்கு ஆகாதது. ஒரு கிணற்றின் அளவு 1.45, மற்றொன்றின் அளவு 1.6 என வந்தால், 45ஐயும் 6ஐயும் ஒப்பிடுவோர் எக்கிணற்றை மூடச் சொல்வர் என்பதை எண்ணிப் பார்த்தால் போதும்.

அளவைத் தோராயமாக்குவதிலும் இதே கவனம் தேவை. கை நாடாவில் 11.4 எனக் கண்டதை 'ஏறக்குறையப் பதினொன்றரை' என்று பதிவேட்டில் எழுதினால், க < 11.5 என்னும் மெய்யான கூற்று அங்கேயே அழிந்துபோகிறது. முதலில் எல்லையோடு ஒப்பிட வேண்டும். தோராயமாக்குதல் தேவையானால் பிறகு செய்யலாம்.

பூச்சியத்திற்குக் கீழே

குறை எண்களில் வரிசை தலைகீழாகத் தோன்றும். கி.பி. 628இல் பிரம்மகுப்தர் மிகை எண்களைத் தனம் என்றும், குறை எண்களை ருணம், அதாவது கடன், என்றும் பெயரிட்டு அவற்றின் விதிகளை வகுத்தார். அப்பெயர்களே இன்றும் தக்க விளக்கமாகின்றன. 200 ரூபாய் கடனுடையவர் −200. 500 ரூபாய் கடனுடையவர் −500. கடன் பெரிதானால் நிலைமை தாழ்கிறது. ஆகவே −500 < −200. எண்கோட்டில் இடப்பக்கம் இருப்பது சிறியது என்னும் ஒரே விதி, பூச்சியத்தின் இருபுறமும் செல்லும்.

மழையின் பற்றாக்குறையை அறிவிக்கும் வானிலைக் குறிப்புகளில் இது நாள்தோறும் பயன்படுகிறது. நெடுங்காலச் சராசரியிலிருந்து −19 முதல் +19 சதவிகிதம் வரை வேறுபட்டால் இயல்பு மழை. −20 முதல் −59 வரை குறைவு. −60 முதல் −99 வரை பெருங்குறைவு. ஒரு மாவட்டத்தில் −35, மற்றொன்றில் −62 என்றால், 'பற்றாக்குறை' இரண்டாவதில் அதிகம். எண்ணோ இரண்டாவதே சிறியது: −62 < −35. பேச்சில் வரும் 'அதிகம்' பற்றாக்குறையைச் சுட்டுகிறது, எண்ணைச் சுட்டவில்லை என்பதை மனத்திற்கொண்டால் அட்டவணையில் மாவட்டங்களை வரிசைப்படுத்துவதில் பிழை நேராது.

அசமன்பாட்டைத் தீர்த்தல்

சமன்பாட்டைப் போலவே அசமன்பாட்டிலும் இருபுறமும் ஒரே எண்ணைக் கூட்டலாம், கழிக்கலாம். மிகை எண்ணால் பெருக்கலாம், வகுக்கலாம். குறி மாறாது. 1,000 கிலோகிராமுக்கு மிகாமல் ஏற்றத்தக்க ஒரு வண்டியில் 120 கிலோகிராம் எடையுள்ள கருவிகள் முன்னரே ஏற்றப்பட்டுள்ளன. 40 கிலோகிராம் விதை மூட்டைகள் எத்தனை ஏற்றலாம்?

40மூ + 120 ≤ 1000
40மூ ≤ 880
மூ ≤ 22

ஆகவே 22 மூட்டைகள் வரை, இருபத்திரண்டும் சேர்த்து, ஏற்றலாம். நிபந்தனை 'ஆயிரத்திற்குக் குறைவாக' என்றிருந்தால், மூ < 22, விடை 21. மூட்டை ஒவ்வொன்றும் 50 கிலோகிராமானால் மூ ≤ 17.6 என வரும். மூட்டையைப் பிளக்க இயலாது. ஆகவே விடை 17. வழக்கமான தோராய முறையில் 18 என்று எழுதினால் வண்டி 1,020 கிலோகிராம் சுமக்க நேரும். மேல் எல்லையில் முழு எண்ணைக் கீழ்நோக்கி எடுக்க வேண்டும். கீழ் எல்லையில் இதற்கு மாறு: ஒரு பெட்டியில் 40 நூல்கள் கொள்ளுமாயின், 150 நூல்களுக்குப் பெட்டிகள் ≥ 3.75, எனவே 4 பெட்டிகள் தேவை.

குறை எண்ணால் பெருக்கும்போதும் வகுக்கும்போதும் மட்டும் குறி திரும்பும். 2 < 5 என்பதை −1ஆல் பெருக்கினால் −2 > −5. எண்கோட்டில் பூச்சியத்தில் ஒரு கண்ணாடியை நிறுத்தியதுபோல, வலப்பக்கம் தொலைவில் நின்றது இடப்பக்கம் தொலைவில் போய் நிற்கிறது. இதனை ஒரு விதியாக மனப்பாடம் செய்விப்பதைவிட, நடைமுறைக் கணக்கொன்றில் காட்டுதல் சிறந்தது. மேல்நிலைத் தொட்டியில் 5,000 லிட்டர் நீர் உள்ளது. மணிக்கு 300 லிட்டர் செலவாகிறது. நீர் 800 லிட்டருக்குக் குறையலாகாது. எத்தனை மணி நேரம் திறந்து வைக்கலாம்?

5000 − 300ம ≥ 800
−300ம ≥ −4200
ம ≤ 14

இறுதி வரியில் −300ஆல் வகுத்ததால் குறி திரும்பியது. திருப்ப மறந்தவருக்கு ம ≥ 14 என விடை கிடைக்கும். அதாவது பதினான்கு மணி நேரத்திற்குப் பின்னரே தொட்டியில் போதிய நீர் இருக்கும் என்றாகும். அது பொருந்தாது என்பதைக் கணக்கின் பொருளே காட்டிவிடும். ஆகவே விடை கண்டபின் ஓர் எண்ணை இட்டுச் சரிபார்த்தல் வேண்டும். ம = 10 எனில் எஞ்சுவது 2,000 லிட்டர்; நிபந்தனை நிறைவேறுகிறது. ம = 15 எனில் எஞ்சுவது 500 லிட்டர்; நிறைவேறவில்லை.

இரு எல்லைக்குள் ஓர் உண்மை

அளவை முற்றிலும் துல்லியமாக அறிய இயலாத இடத்தில், இரு எல்லைகளுக்கு இடையே உள்ளது என உறுதியாகச் சொல்லுவது உயர்ந்த கணிதமேயாகும். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் ஆர்க்கிமிடீஸ், வட்டத்தின் பரிதிக்கும் விட்டத்திற்கும் உள்ள விகிதமாகிய π என்பது 223/71ஐவிடப் பெரியது, 22/7ஐவிடச் சிறியது என நிறுவினார்:

223/71 < π < 22/7

இவ்விரு பின்னங்களின் வேறுபாடு 1/497 மட்டுமே. கி.பி. 499இல் ஆரியபட்டர் 20,000 விட்டமுள்ள வட்டத்திற்குப் பரிதி 62,832 எனத் தந்து, அது தோராயமானதே என்றும் குறிப்பிட்டார். அதன்படி விகிதம் 3.1416, இதுவும் மேற்கூறிய இரு எல்லைகளுக்கு இடையிலேயே அமைகிறது. π என்பது 22/7க்குச் சமம் என்று எழுதும் மாணாக்கருக்கு, அவ்விடத்தில் நிற்க வேண்டிய குறி '=' அன்று, '<' என்பதை ஆர்க்கிமிடீஸின் எல்லைகளைக் கொண்டு ஆசிரியர் காட்டலாம்.

வகுப்பறையிலும் பயிற்சி முகாமிலும்

இக்குறிகளைக் கற்பிக்க விலையுயர்ந்த சாதனங்கள் வேண்டுவதில்லை. ஒரு நீண்ட கயிற்றை இரு தூண்களுக்கு இடையே கட்டி, நடுவில் பூச்சியத்தைக் குறித்து, எண்கள் எழுதிய சீட்டுகளை மாணாக்கரே உரிய இடத்தில் தொங்கவிடச் செய்யலாம். 1.45, 1.5, −3, −0.5, 3/4 போன்றவை ஒரே கயிற்றில் தொங்கும்போது, தசமம், பின்னம், குறை எண் ஆகிய யாவற்றுக்கும் வரிசை ஒன்றே என்பது கண்ணுக்குப் புலனாகும். எண்கோட்டில் விடையைக் குறிக்கும்போது, எல்லை எண் சேருமாயின் நிரப்பிய வட்டமும், சேராதாயின் வெற்று வட்டமும் இடுதல் வழக்கம். '≤' என்பதற்கும் '<' என்பதற்கும் உள்ள வேறுபாடு அவ்வட்டத்தில் அடங்கும்.

மாணாக்கர் தம் வீட்டிலும் ஊரிலும் காணும் எல்லைச் சொற்களைத் தொகுத்து வரச் செய்தலும் நற்பயிற்சியாகும். மருந்துப் புட்டியிலும், பேருந்திலும், பாலத்தின் முகப்பிலும், விதைப் பையிலும் 'மிகாமல்', 'குறையாமல்', 'அதிகபட்சம்', 'வரை' என்னும் சொற்கள் காணப்படும். ஒவ்வொன்றையும் குறியாக எழுதி, எல்லை எண் சேருமா என ஆராய்ந்தால் ஒரு பாடவேளை பயனுள்ளதாகக் கழியும்.

களப்பணியாளருக்கான பயிற்சியில் எல்லையில் நிற்கும் அளவுகளையே கேள்விகளாகத் தருதல் வேண்டும். 10.2 என்றோ 14.0 என்றோ தந்தால் எவரும் சரியான விடை கூறுவர். 11.4, 11.5, 12.4, 12.5 ஆகியவற்றைத் தந்து பிரிவைக் கேட்டால்தான், விதியில் உள்ள குறி படிக்கப்பட்டதா என்பது தெரியவரும். ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் 33 வட்டாரங்களில் தொடங்கியது. இன்று நாடெங்கும் பரவியுள்ள அங்கன்வாடிகளில் எடை, உயரம், கைச்சுற்றளவு ஆகிய எண்கள் பதிவேடுகளில் ஏறிக்கொண்டே இருக்கின்றன. அவ்வெண்கள் ஒவ்வொன்றும் ஓர் எல்லையோடு ஒப்பிடப்படுவதற்காகவே எழுதப்படுகின்றன.

கை நாடாவில் 11.4 என்று தெரிந்த அந்தக் குழந்தை, அன்றே பரிசோதனைக்குச் செல்லுமா, அடுத்த மாத அளவெடுப்பு வரை காத்திருக்குமா என்பது, அதன் கையைப் பிடித்திருப்பவர் '<' என்னும் குறியை எவ்வாறு படிக்கிறார் என்பதைப் பொறுத்தது. அக்குறியை அவருக்கு முதலில் கற்பித்தவர் ஒரு தொடக்கப்பள்ளி ஆசிரியர்.